கிளி ஜோசியரின் கம்ப்யூட்டரை அணைத்தது நான்தான்

பாறை மேல் பட்டறை கட்டியவன் நான். ஓசூரில் தொழிற்பேட்டை ரோட்டில் பச்சைக் கேட் போட்ட பட்டறை எது என்று கேட்டால் இன்றைக்கு எல்லாரும் கை காட்டுவார்கள். நான் அந்த இடத்தை வாங்கியபோது அங்கே இருந்தது ஒரு பாறை, இரண்டு ஓணான், ஒரு பாம்புப் புற்று. 'இதில் கடப்பாரையே இறங்காது, நீ எங்கே மிஷின் இறக்கப்போகிறாய்' என்று என் மாமனார் சிரித்தார். அந்தப் பாறையையே அஸ்திவாரமாக்கினேன். பழைய இரும்பு என்று ஏலத்தில் தள்ளிவிட்ட லேத்தை வண்டியில் ஏற்றி வந்து ஓட வைத்தேன். மின்சார ஆபீஸுக்கு நடந்து மூன்று ஜோடிச் செருப்பைத் தேய்த்து மூன்று பேஸ் லைன் வாங்கினேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பை வாசலில் நின்று பார்த்ததோடு சரி. இன்றைக்கு எஞ்சினியரிங் படித்த பதினோரு பேர் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். இரண்டு பேர் நிற்பதில்லை. அவர்கள் வேலை உட்கார்ந்து செய்யும் வேலை.

அந்த ரோட்டில் முதல் வெப்சைட் வைத்த பட்டறையும் என்னுடையதுதான். இதை யாரும் எழுதுவதில்லை, ஆகவே நானே எழுதுகிறேன்.

அதைக் கட்டிக் கொடுத்தவரை ஊரே கிளி ஜோசியர் என்று சொல்லும். அமெரிக்காவில் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கியதற்கு ஓசூரில் மைசூர்பாகு கொடுத்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். அந்தக் கம்பெனியை மூன்றாவது கம்பெனி வாங்கியதற்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டவரும் அவர் ஒருவர்தான்.

ஜோசியத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெப்சைட் கட்டுவதற்கு அவரிடம் ஒரு சாப்ட்வேர் இருந்தது. அதன் அட்டைப்பெட்டி மேல் பச்சைக் கிளி ஒன்று படமாக இருக்கும். கம்ப்யூட்டரில் அதைத் திறந்தாலும் மூலையில் ஒரு கிளி உட்கார்ந்து தலையை ஆட்டும். அதன் நிஜப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது, அவரும் சொன்னதில்லை. அவர் வாயில் அது கிளி. அந்த அட்டைப்பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கியதைப் பார்த்த ஜனங்கள் வைத்த பேர்தான் கிளி ஜோசியர். பாகலூரிலிருந்து ஒரு பெரியவர் மகளின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நம் ஆள் அதை வாங்கிப் பார்த்து, பொண்ணுக்கு ஒரு வெப்சைட் வெச்சுட்டா மாப்பிள்ளை தானா வருவான் என்று சொல்லிக் கட்டியும் கொடுத்தார். வந்தது மாப்பிள்ளை இல்லை. பொள்ளாச்சியிலிருந்து ஒரு டிராக்டர் ஏஜெண்டு வந்தார். அவர்தான் இப்போது அந்த வீட்டு மாப்பிள்ளை.

என் பட்டறை மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. அதை அவருக்குக் கொடுத்தேன். சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா. கம்ப்யூட்டருக்குத் தூசு ஆகாது என்று செருப்பை மாடிப்படியின் முதல் படியிலேயே விட்டுவிடுவார், வருகிறவர்களையும் விடச் சொல்வார். போனில் அம்மாவிடம் தெலுங்கு, பெங்களூர் ஆட்களிடம் கன்னடம், என்னிடம் தமிழ். கம்ப்யூட்டரிடம் மட்டும் இங்கிலீஷ், அதுவும் கோபம் வந்தால்தான்.

அவர் கட்டிய வெப்சைட்டைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மேலே 'நல்வரவு' மின்னி மின்னி அணையும். இடது பக்கமிருந்து வலது பக்கம் எழுத்துகள் ஓடும். நடுவில் ஒரு பல்சக்கரம் விடாமல் சுற்றும். அடியில் இத்தனாவது ஆளாக வந்திருக்கிறீர்கள் என்று ஒரு எண் இருக்கும். திறந்தவுடன் நாதஸ்வரம் வேறு. ஒருமுறை கோயம்புத்தூரில் ஒரு பெரிய கம்பெனி மீட்டிங்கில் யாரோ என் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். நாதஸ்வரம் வாசித்ததும் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்களாம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பட்டறை, கல்யாண மண்டபம், ரோஜாத் தோட்டம், எல்லாருக்கும் அதே பல்சக்கரம்தான். குருபரப்பள்ளியில் மாம்பழக் கூழ் வியாபாரம் செய்யும் வகாப் பாய் என் நண்பர். நான் சொல்லித்தான் அவரும் வெப்சைட் கட்டினார். முதல் நாள் பார்த்துவிட்டு மாடி ஏறி வந்தார்.

"ஏம்ப்பா ஜோசியரே, மாம்பழத்துல எதுக்குப்பா பல்சக்கரம் சுத்துது?"

"சுத்துனாத்தான் பாய் கம்பெனி ஓடுதுன்னு அர்த்தம். நிறுத்திட்டா மூடிட்டீங்கன்னு நெனைச்சுக்குவாங்க."

பாய் சுற்றுகிற சக்கரத்தை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு, சரி, இன்னும் கொஞ்சம் வேகமாச் சுத்த விடு என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் மைசூர்பாகு வந்தது. கிளியைச் செய்த சின்னக் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டதாம். கிளி ஜோசியர் டீக்கடையில் நின்று ஆளாளுக்கு ஒரு வில்லை நீட்டினார். நம்ம கிளி பெரிய எடத்துல வாக்கப்பட்டுருச்சு, இனிமே அதுக்கு ஒரு கொறையும் இருக்காது என்று சொல்லிச் சிரித்தார். என் ஊரில் பெண்ணை எல்லை தாண்டி ஆனேக்கல்லில் கொடுத்துவிட்டு இப்படித்தான் சிரிப்பார்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பெண் வந்து கன்னடத்தில் தண்ணீர் கேட்கும்போதுதான் முகம் மாறும்.

கிளிக்கும் அதுதான் நடந்தது. ஆறாவது மாதம் புகுந்த வீட்டார் அதன் பெயரை மாற்றினார்கள். மூலையில் தலையாட்டிய கிளியை எடுத்துவிட்டு ஒரு நீலக் கட்டத்தை வைத்தார்கள். கிளி ஜோசியர் அன்றைக்கு மாடியிலிருந்து இறங்கவே இல்லை. மறுநாள் பஸ் ஸ்டாண்டில் கிளி ஸ்டிக்கர் ஒன்று வாங்கிவந்து, நீலக் கட்டம் வருகிற இடத்துக்கு மேலே திரைக் கண்ணாடியில் ஒட்டினார். அதோடு கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டார். அதன் தொடக்கம், 'மேன்மைதங்கிய சம்பந்தி அவர்களுக்கு.' பெண்ணைக் கொடுத்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் பெயர் மாற்றுவது எந்த ஊர் வழக்கம் என்று இங்கிலீஷிலேயே கேட்டிருந்தார். உடனே பதில் வந்தது: உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம், உங்கள் புகார் எண் இது. அந்த எண்ணைப் பிரேம் போட்டு மாட்டினார்.

பிறகு, பெரிய கம்பெனியை அதைவிடப் பெரிய கம்பெனி வாங்கியது. இந்தத் தடவை மைசூர்பாகு இல்லை. புது வீட்டில் ஏற்கெனவே இதே வேலைக்கு வேறொரு சாப்ட்வேர் இருந்தது. ஒரே அடுப்படியில் இரண்டு மருமகள் எதற்கு என்று கிளியை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்குத்தான் அவர் சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டது.

நிறுத்தினால் நிறுத்தட்டும், இவரிடம் இருப்பது இவருடையதுதானே என்று நான் கேட்டேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மருமகள்தான் விளக்கினாள். கிளியை மூடிவிட்டு மறுபடி திறந்தால் அது இன்டர்நெட் வழியாகத் தலைமை ஆபீஸைக் கேட்கும், திறக்கட்டுமா என்று. ஆபீஸ் சரி என்றால்தான் திறக்கும். கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்தையே இப்போது மூடிவிட்டார்கள். மூடினால் மூடியதுதான். அவர் கட்டிய முப்பத்தேழு வெப்சைட்டும் இன்டர்நெட்டில் அது பாட்டுக்கு ஓடும். ஆனால் அதில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமானாலும் கிளி திறந்திருக்க வேண்டும்.

"அவரைப் புதுசா ஒண்ணு கத்துக்கச் சொல்லுங்க மாமா. இப்பல்லாம் பத்து நிமிஷத்துல வெப்சைட் கட்டலாம். உங்க ரோட்டுல எல்லாரும் மாறிட்டாங்க" என்றாள் மருமகள்.

இதை அப்படியே மாடியில் போய்ச் சொன்னேன். கிளி ஜோசியர் குல்லாவைச் சரிசெய்துகொண்டார்.

"அந்தப் புதுசையும் ஒருநாள் எவனாச்சும் வாங்குவான் மொதலாளி. அன்னிக்கு உங்க மருமக எங்கிட்ட வந்து அழக் கூடாது."

அவர் எடுத்த முடிவு வேறு. மூடினால்தானே திறக்க வேண்டும், மூடவே வேண்டாம். அன்றிலிருந்து நான்கு வருஷம் அந்தக் கம்ப்யூட்டர் அணையவில்லை. கரண்டு போனால் தாங்க இரண்டு லாரி பேட்டரி வைத்தார். அந்த ஒரே கம்ப்யூட்டரில் கிளியைத் தவிர வேறு எதையும் திறக்க மாட்டார், திறந்தால் கிளிக்கு மூச்சு முட்டுமாம். சுவரில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் 'அணைக்காதே' என்று எழுதி வைத்தார். கம்ப்யூட்டரை விட்டு ராத்தங்கல் கிடையாது. சிங்காரப்பேட்டையில் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனவர், பால் பொங்குகிற வரைக்கும்கூட நிற்காமல் போன பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டார். டிரைவர் டீ குடிக்க நிறுத்திய நேரம்தான் அவர் தம்பி வீட்டில் இருந்த நேரம். தம்பி அதிலிருந்து பேசுவதில்லை.

சம்பந்திக்குக் கடிதம் எழுதுவதை மட்டும் விடவில்லை. அந்தப் புது வீட்டாருக்குப் பெங்களூரில் ஓர் ஆபீஸ் இருந்தது. அந்த விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவார். பெற்றுக்கொண்டேன் என்று ஒப்புகை அட்டை திரும்பி வரும், அதில் வால் சுருண்ட ஒரு கையெழுத்து இருக்கும். பதினெட்டு அட்டையிலும் அதே கையெழுத்து.

"யாரோ ஒரு மகராசன் வாங்கிப் படிக்கறான் மொதலாளி" என்பார்.

நேரில் போய்ப் பார்க்க வேண்டியதுதானே, ஒரு மணி நேரம்தானே என்றேன். கம்ப்யூட்டரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றார். கூட எடுத்துப் போ என்றேன். எடுக்க வேண்டுமானால் அணைக்க வேண்டுமே என்றார்.

இனிமேல்தான் நான் வருகிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் புதிதாகக் கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மிஷின் ஒன்றை இறக்கினேன். எங்கள் ரோட்டிலேயே பெரிய மிஷின். அதற்குத் தீனி போட்டாக வேண்டும். அந்த நேரம் புனேயிலிருந்து ஒரு வண்டிக் கம்பெனி எங்கள் ரோட்டில் ஒரு பட்டறையைத் தேர்ந்தெடுத்து வேலை கொடுக்கப்போகிறது என்று செய்தி வந்தது. முதலில் வெப்சைட்டைப் பார்ப்பார்கள், மனசுக்குப் பிடித்தால்தான் ஆள் வரும். பார்க்கிற நாள் வெள்ளிக்கிழமை. என் வெப்சைட்டிலோ பழைய லேத்து இரண்டுதான் இருந்தது. வெப்சைட்டில் இல்லாத மிஷின் பட்டறையிலும் இல்லை என்றுதான் நினைப்பார்கள். அந்த வேலை கிடைக்காவிட்டால் அத்தனை பெரிய மிஷினும் வாசல் நந்தி மாதிரி உட்கார்ந்திருக்கும்.

கிளி ஜோசியர் ஒரு வாரம் உட்கார்ந்து புது மிஷினின் படத்தை ஏற்றினார். என் படத்தையும் ஏற்றினார், இரண்டும் ஒரே அளவில். எல்லாம் முடிந்தது. மேலே அனுப்ப ஒரு பட்டனை அமுக்குவதுதான் பாக்கி. அமுக்கவில்லை. ஏன் என்றால், பெரிய கம்பெனி பார்க்கிறது, பல்சக்கரம் ஒன்று போதாது, எதிர்ப்பக்கம் சுற்றுகிற இன்னொன்றும் வேண்டும், புதன்கிழமைக்குள் முடித்துவிடுகிறேன் என்றார்.

செவ்வாய்க்கிழமை ஆயுத பூஜை வந்தது.

ஓசூரில் ஆயுத பூஜை என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. வருஷம் பூராவும் கத்துகிற ஊர் அன்றைக்கு ஒரு நாள் வாயை மூடும். மிஷினைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, முதலாளி தன் கையால் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். மறுநாள் காலையில் முதலாளிதான் ஏற்ற வேண்டும். நடுவில் ஒரு ஸ்க்ரூடிரைவரைக்கூடத் தொடக் கூடாது. எங்கள் பட்டறையில் மாடி லைன் மட்டும் தனி. நான்கு வருஷமாக நான் கீழே மட்டும் இறக்குவேன்.

அந்த வருஷம் புது மிஷின் வந்த பெருமையில் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. என் கூரைக்குக் கீழ் இருக்கும் எல்லா எந்திரமும் வருஷத்தில் ஒரு நாள் ஓய்வெடுக்க வேண்டாமா? அந்த ஒரு கம்ப்யூட்டர் என்ன பாவம் செய்தது? நான்கு வருஷம் கண்ணை மூடாத ஜீவன். கிளி ஜோசியர் பூசணிக்காயும் பொரியும் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நான் மாடி ஏறினேன். செருப்பைப் படியில் விட்டேன், அந்த மரியாதையெல்லாம் எனக்குத் தெரியும். சுவரில் 'அணைக்காதே' என்று இருந்தது. பார்த்தேன். என் கட்டடத்தில் என்னைப் பார்த்து 'காதே' என்று சொல்கிற அதிகாரம் ஒரு அட்டைக்கு உண்டா? கம்ப்யூட்டர் திரைக்கு மூன்று பட்டை சந்தனமும் நடுவில் குங்குமமும் வைத்தேன். சுவிட்சை இறக்கினேன். பேட்டரி கைகொடுத்தது. பேட்டரியும் ஆயுதம்தானே? அதன் ஒயரையும் கழற்றி, மஞ்சள் தண்ணீரில் துடைத்து, ஆளுக்கொரு பூ வைத்தேன். மாடி அத்தனை அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை.

கிளி ஜோசியர் பொரி மூட்டையோடு மாடி ஏறினார். பாதிப் படியில் நின்றுவிட்டார். அந்த இரைச்சல் இல்லாதது அவருக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. மெதுவாக வந்து வாசலில் நின்று, குங்குமம் வைத்த கறுப்புத் திரையைப் பார்த்தார். பொரி மூட்டையைக் கீழே வைத்தார்.

"மொதலாளி, நீங்களா?"

"நான்தான். ஒரு நாள் தூங்கட்டும், நாளைக்கு நல்ல நேரத்துல நானே ஏத்தறேன்."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பதினைந்து வருஷப் பழக்கத்தில் அன்றைக்குத்தான் அவருக்கு வழுக்கை என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் நல்ல நேரம் பார்த்து ஏற்றினேன். கம்ப்யூட்டர் வந்தது. கிளி வரவில்லை. ஆபீஸைக் கேட்கிறேன், பொறுங்கள் என்று ஒரு வட்டம் சுற்றியது. காலையில் சுற்றத் தொடங்கிய வட்டம் சாயங்காலமும் சுற்றியது. என் மிஷின் படம், இரண்டாவது பல்சக்கரம், முப்பத்தேழு பேருடைய வெப்சைட்டின் மூலப் பிரதி, எல்லாம் அந்த வட்டத்துக்குப் பின்னால். கீழே என் புது மிஷின் சும்மா நின்றது.

அப்போது எனக்குத்தான் யோசனை வந்தது. பாறையில் பட்டறை கட்டியவன் மூளை வேறு எப்படி வேலை செய்யும்? அணைந்ததுதான் அணைந்துவிட்டது, இனி எடுத்துப் போக என்ன தடை?

"கெளம்புய்யா. சம்பந்தி வீட்டுக்குப் போய் நேர்ல கேட்ருவோம்" என்றேன்.

வியாழக்கிழமை காலை வகாப் பாய் மாம்பழக் கூழ் ஏற்றும் வேனைக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டரை மெத்தை விரித்துப் படுக்க வைத்தோம். குங்குமத்தை அழிக்க வேண்டாம் என்று கிளி ஜோசியர் சொல்லிவிட்டார். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா என்று நான் பூஜைத் தட்டுகளை எடுத்தேன். பொரி, கடலை, வாழைப்பழம், உடைக்காமல் மிஞ்சிய ஒரு பூசணிக்காய். பாய் தன் பங்குக்கு ஒரு டின் கூழ் வைத்தார். அத்திப்பள்ளி செக்போஸ்டில் போலீஸ்காரர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். குங்குமம் வைத்துப் படுத்திருக்கும் கம்ப்யூட்டரையும் அதன் தலைமாட்டில் கண் கலங்கி உட்கார்ந்திருக்கும் மனிதரையும் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி வழிவிட்டார்.

ஆபீஸ் பன்னிரண்டு மாடி, பூராவும் கண்ணாடி. வாசலில் செக்யூரிட்டி மறித்து, "ஏனு பேக்கு?" என்று கன்னடத்தில் கேட்டார். என்ன வேண்டும் என்று. பெண்ணைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று கிளி ஜோசியர் கன்னடத்தில் பதில் சொன்னார். எந்தப் பெண், எந்த டீம் என்று அவர் கேட்க, இவர் கிளியின் பழைய பெயர், நடுப் பெயர் எல்லாம் சொல்ல, உள்ளே ஒரு பெண் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து அப்படி ஒருவர் இங்கே வேலை செய்யவில்லை என்று வருத்தப்பட்டாள். நாங்கள் மூன்று பேரும் தட்டை ஏந்திக்கொண்டு வெல்வெட் சோபாவில் உட்கார்ந்தோம். போகிற வருகிறவர்கள் யாருக்கோ நிச்சயதார்த்தம் என்று நினைத்து எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். பாய் இரண்டு பேருக்குப் பொரிகூடக் கொடுத்தார்.

ஒரு மணி நேரம் கழித்து, என்னைவிடக் கொஞ்சம் இளையவர் ஒருவர் பேப்பர் கட்டோடு அந்தப் பக்கம் வந்தார். கழுத்தில் மூன்று அடையாள அட்டை தொங்கியது. தட்டைப் பார்த்தார், பூசணிக்காயைப் பார்த்தார், குல்லாவைப் பார்த்தார்.

"சார், நீங்கதானா ஓசூர் சம்பந்தி?"

கிளி ஜோசியர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஓர் ஒப்புகை அட்டையை எடுத்து நீட்டினார். அந்த மனிதர் அதைப் பார்த்து, என் கையெழுத்துதான் என்றார். கிளியைச் செய்த முதல் கம்பெனியில் சேர்ந்தவராம். வாங்கிய வீட்டாரெல்லாம் மற்ற எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள், இவரை மட்டும் அனுப்ப மறந்துவிட்டார்கள். என்ன வேலை என்று அவருக்கும் தெரியாது, மேலே இருப்பவர்களுக்கும் தெரியாது. மூன்று கம்பெனி அட்டையையும் ஏன் மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். முதல் கம்பெனி அட்டைக்குத்தான் இன்னும் கேண்டீன் கதவு திறக்கிறது என்றார்.

"உங்க ஒவ்வொரு லெட்டருக்கும் நான் மெயில்ல பதில் போட்டேனே சார். பதினெட்டு பதில். ஆபீஸைக் கேக்காமத் தொறக்கற சாவி நம்பரையும் மொத பதில்லயே அனுப்பிச்சேனே. நிறுத்தறதுக்கு முந்தி சண்டை போட்டு வாங்கி வெச்ச சாவி அது."

கிளி ஜோசியர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மெயிலைத் தொறந்தா கிளிக்கு மூச்சு முட்டும்னு நாலு வருஷமாத் தொறக்கலைங்க."

யாரும் சிரிக்கவில்லை. வகாப் பாய் மட்டும் டின் கூழுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார், தோள் குலுங்கியது.

கேண்டீனில் காபி மிஷினுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரை மாட்டினோம். அந்த மனிதர் ஒரு கடிதத்தின் பின்பக்கத்தில் முப்பது எழுத்து நம்பரை எழுதிக் கொடுத்தார். கிளி ஜோசியர் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். வட்டம் நின்றது. நீலக் கட்டம் வந்தது, என் மிஷினும் நானும் ஒரே அளவில் வந்தோம். "ஒரு நிமிஷம் சார்" என்று அந்த மனிதர் குனிந்து நான்கு விசையை ஒன்றாக அமுக்கினார். நீலக் கட்டம் விலகியது. மூலையில், ஸ்டிக்கருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, பச்சைக் கிளி தலையை ஆட்டியது.

"கிளி எங்கயும் போகல சார். மேல சட்டைதான் மாத்தினாங்க. நாங்க உள்ள விட்டு வெச்சிருந்தோம்."

கிளி ஜோசியர் திரை மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தார். அதைச் செய்ய வெகு நேரம் பிடித்தது. சுரண்டும்போது முகத்தை எங்கள் பக்கம் காட்டவில்லை. பிறகு அந்தக் கேண்டீனிலேயே இரண்டாவது பல்சக்கரத்தையும் சுற்ற விட்டுப் பட்டனை அமுக்கினார். புது மிஷின் மேலே போனது. காபி மிஷினுக்குப் பக்கத்தில் நாதஸ்வரம் வாசித்தது. பூசணிக்காயை அந்த மனிதர் வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை புனேக்காரர்கள் பார்த்தார்கள், திங்கட்கிழமை ஆள் வந்தது. உங்கள் ரோட்டில் வேறு ஒருவர் வெப்சைட்டும் திறக்கவில்லையே என்றார் வந்தவர். எங்கள் ரோடு மொத்தமும் மாறியிருந்ததே, பத்து நிமிஷத்தில் கட்டுகிற அந்தப் புதுசு, அதை அந்த வாரம்தான் ஒரு பெரிய கம்பெனி வாங்கியிருந்தது. பட்டறைகளின் பக்கமெல்லாம் போய், 'ஒரு பெரிய குடும்பத்தில் இணைகிறோம், விரைவில் திரும்புவோம்' என்று ஒரே வரிதான் இருந்தது. என் பக்கத்தில் மட்டும் இரண்டு பல்சக்கரம் எதிரும் புதிருமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வேலை எனக்குத்தான் வந்தது. மருமகள் அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையே மாடி ஏறிப் போய்க் கிளி ஜோசியருக்கு ஒரு பெட்டி மைசூர்பாகு கொடுத்தாள். அவர் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. ஒரு வில்லையை எடுத்து எனக்குக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அதற்கடுத்த நாள் அவர் தன் கையால் கம்ப்யூட்டரை அணைத்தார். அணைத்தார், ஏற்றினார், மறுபடி அணைத்தார், மறுபடி ஏற்றினார், சின்னப் பிள்ளை லைட் சுவிட்சோடு விளையாடுகிற மாதிரி. பிறகு பையை எடுத்துக்கொண்டு சிங்காரப்பேட்டைக்குத் தம்பி வீட்டுக்குப் போனார். பத்து நாள் என்று சொல்லிப் போனவர் பிறகு கிளியையும் பேட்டரியையும் எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். தம்பி பேசுகிறாராம். வெப்சைட் வேலையெல்லாம் அங்கிருந்தே பார்க்கிறார். 'அணைக்காதே' அட்டை மட்டும் என் மாடிச் சுவரில் இருக்கிறது. அதை எடுக்க வேண்டாம் என்று நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

என் வெப்சைட்டின் அடியில் ஒரு வரி இருக்கிறது: 'இதைக் கட்டியது கிளி ஜோசியர், மாடி.' அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நியாயம் என்று ஒன்று உண்டு. அன்றைக்கு நான் சுவிட்சை இறக்காவிட்டால் அந்த மனிதர் இன்னமும் அந்த அறையில்தான் இருப்பார். தம்பி வீட்டுப் பால் இன்னமும் அவர் இல்லாமல்தான் பொங்கும். ஆகவே அந்த வரிக்குக் கீழே 'அணைத்து விடுவித்தது' என்று போட்டு என் பேரையும் போட வேண்டும். அவர் கேட்கிற அளவுக்கு இதைப் போனில் பல தடவை சொல்லியாகிவிட்டது. எழுத்தின் நிறம் பச்சையா நீலமா என்று கேட்டு ஒரு வருஷமாக இழுக்கிறார்.

போன வாரம் போனில் வேறொன்று சொன்னார்.

"மொதலாளி, உங்க வெப்சைட்டுல அடியில இருக்கற எண்ணிக்கை தெனமும் காலைல ஆறு மணிக்கு ஒண்ணு ஏறுது. மழைன்னாலும் ஏறுது, தீபாவளின்னாலும் ஏறுது. யாரோ ஒரு மகராசன் தவறாம வர்றான். யாருன்னுதான் தெரியல."

யாரென்று நான் சொல்லவில்லை, காலையில் அந்த நாதஸ்வரம் கேட்காமல் எனக்குக் காபி இறங்காது என்பதையும் சொல்லவில்லை. அந்தப் பேரையும் அங்கே போட்டாக வேண்டும்.